ஐ.சி.யூ. நர்ஸ் நிர்வாகப் பக்கம் போகலாமா? சம்பளம் ஏறுமா?

இந்தக் கடிதம் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு 29 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, 150 படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக ஐ.சி.யூ.வில் இருக்கிறார். சம்பளம், நைட் அலவன்ஸ் எல்லாம் சேர்த்து, மாதம் 20,800. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, அடுத்த வருடம் இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்கிறார்கள். இரவுப் பணி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, முதுகு வலி நிரந்தரமாகிவிட்டது. இப்போது மருத்துவமனை நிர்வாகமே கூப்பிட்டு, இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு இன்சார்ஜாக வருகிறீர்களா, 22,500 தருகிறோம் என்கிறது. நிபந்தனை இரண்டு: இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் கட்டுவதாக பாண்டு எழுதித் தர வேண்டும், கூடவே ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்களிடமே கொடுத்து வைக்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு பயிற்சி நிறுவனம் போன் மேல் போன். ஒரே வருடத்தில் ஆன்லைனில் ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ., கட்டணம் 1,85,000, முடித்ததும் 60,000 சம்பளத்தில் வேலை உறுதி என்கிறார்கள். கணவரோ துபாயில் மருத்துவமனை நிர்வாக வேலை என்று சொல்லும் ஒரு ஏஜெண்டைப் பிடித்திருக்கிறார், அவர் கேட்பது இரண்டரை லட்சம். "எதை எடுத்தாலும் பயமாக இருக்கிறது. படித்தால்தான் நிர்வாகத்தில் மதிப்பு என்கிறார்கள். பாண்டு எழுதினால் மாட்டிக்கொள்வேனா? நர்ஸ் வேலையில் இனி முன்னேற்றமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

சிஸ்டர், மருத்துவமனையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் அப்படியே கூப்பிடுகிறேன். நீங்கள் நான்கு கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு கனமாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கு விடை சுலபம். அந்த ஒரு வருட ஆன்லைன் படிப்புக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், துபாய் ஏஜெண்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மீதி இரண்டைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

உங்களிடம் இருப்பதன் விலை

நிர்வாகத்துக்குப் போக எம்.பி.ஏ. வேண்டும், அது இல்லாததால் நான் கீழே இருக்கிறேன் என்ற எண்ணம் கடிதம் முழுக்க ஓடுகிறது. அதை முதலில் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு மதியம் நின்று பார்த்திருப்பீர்கள். பதினோரு மணிக்கு டாக்டர் டிஸ்சார்ஜ் என்று எழுதிவிடுவார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, பார்மசி ரிட்டர்ன் முடிந்து, கடைசி பில் ஏறும்போது மணி ஒன்றரை. அப்புறம் டி.பி.ஏ.விடமிருந்து, அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கவனிக்கும் இடைநிலை நிறுவனத்திடமிருந்து, ஒரு கேள்வி வரும்: "மூன்றாம் நாளும் ஐ.சி.யூ.வில் வைத்ததற்குக் காரணம் என்ன? கேஸ் ஷீட் அனுப்பவும்." டெஸ்க்கில் புதிதாகப் படித்துவிட்டு வந்த பையன் கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடுவான். அங்கே சிஸ்டர் கை ஓய்வில்லை, டாக்டர் ஓ.டி.யில். பேஷண்டின் மகன் கவுண்டரைத் தட்டிக்கொண்டு நிற்பார். நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால், அந்த சார்ட்டைப் பார்த்ததும் இரவு இரண்டு மணிக்கு பி.பி. விழுந்ததும், நார்அட்ரினலின் ஓடியதும், காலையில் எடுத்த ஏ.பி.ஜி. ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்பதும் கண்ணில் படும். இரண்டு வரியில் பதில் எழுதிவிடுவீர்கள். அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள், உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை.

இந்த வேலைக்கு இப்போது கிராக்கி கூடியதற்கும் காரணம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் கோரிக்கை போன மூன்று மணி நேரத்துக்குள் கடைசி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தலையில். சரி, அவர்களுக்குக் கெடு என்றால் நமக்கும் கெடுதான். அவர்கள் நேரத்தைக் கடத்த ஒரு கேள்வி அனுப்பிவைப்பார்கள், அதற்கு உடனே பதில் போட ஆள் வேண்டும். தனியார் இன்சூரன்ஸ் போக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. உங்கள் மாதிரி மருத்துவமனையின் வருமானத்தில் பெரும்பகுதி இப்படி மேசை வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஒரு கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் போகும் பணம் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைவிடப் பல மடங்கு. பேரம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சம்பளம், உள்ளபடி

நான் ஆள் எடுத்த இடங்களிலும் கேட்டுத் தெரிந்துகொண்ட அளவிலும் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். நம் மாவட்டத் தலைநகரங்களில் இன்சூரன்ஸ், பில்லிங், புளோர் கோஆர்டினேட்டர் வேலைகள் 15,000 முதல் 22,000 வரை. இரண்டு வருட எம்.எச்.ஏ.வோ (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் பட்டம்) எம்.பி.ஏ.வோ முடித்து, மருத்துவமனை அனுபவமே இல்லாமல் வருபவர்களுக்குச் சென்னை கார்ப்பரேட்டிலேயே 22,000 முதல் 30,000தான். 60,000 என்பது தொடக்கச் சம்பளம் இல்லை, ஏழெட்டு வருடம் கழித்து மேனேஜர் ஆனவரின் சம்பளம். குவாலிட்டி துறையில், அதாவது மருத்துவமனையின் தரத்தைச் சோதித்துத் தரும் என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கான வேலையில், மூன்று நான்கு வருடம் பழகியவர்கள் 30,000 முதல் 40,000 வரை வாங்குகிறார்கள். அங்கே நர்சுகளுக்குத்தான் முன்னுரிமை, ஏனென்றால் ஆடிட்டர் வந்து கேட்பதெல்லாம் மருந்துப் பிழை, கை கழுவுதல், பேஷண்ட் விழுதல், கேதீட்டர் தொற்று. இதெல்லாம் உங்கள் தினசரி.

டாப்பில் இருக்கும் யூனிட் ஹெட், சி.ஓ.ஓ. சம்பளங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் டாக்டர்களோ பெரிய நிறுவனங்களில் படித்தவர்களோ இருக்கிறார்கள். நர்சாக இருந்து அங்கே போனவர்களும் உண்டு, சிலர்தான்.

இப்போது உங்கள் 22,500. பார்க்க 1,700 கூடுதல். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது: தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. அதன் சம்பள வரம்பு 21,000. இப்போது நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். 22,500க்குப் போனால் நடப்பு பங்களிப்புக் காலம் முடிகிற வரைதான் தொடர்வீர்கள். அந்தக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஓடும். அப்புறம் சில மாதங்களில் குடும்பத்தின் மருத்துவச் செலவு, 26 வாரப் பேறுகால ஊதியம் எல்லாம் ஈ.எஸ்.ஐ. கணக்கிலிருந்து நழுவும். பேறுகால விடுப்பு அப்போதும் சட்டப்படி உங்கள் உரிமைதான். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ஆனால் அந்த 26 வாரச் சம்பளத்தை நிர்வாகமே தன் கையிலிருந்து தர வேண்டும். அந்த நேரத்தில் சில இடங்களில் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது குழந்தைத் திட்டம் உறுதி என்றால், இந்த 1,700 உண்மையில் லாபமா என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். என் கணக்கில், 25,000க்குக் குறைந்து ஒப்புக்கொண்டால் நஷ்டம். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. அலுவலக வேலை என்றால் ஒன்பது டு ஐந்து என்று நினைத்திருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் முடியாமல் டெஸ்க் மூடாது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். முதுகு பிழைக்கும், அது பெரிய விஷயம்தான். தலைவலி மட்டும் வேறு மாதிரி வரும்.

பாண்டும் சான்றிதழும்

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழ் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம், அவ்வளவுதான். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்து வைத்த வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. முன்பே கொடுத்திருந்தால் எழுத்து மூலம் கேளுங்கள், தேதி போட்டு, ஒரு நகல் கையில் வைத்துக்கொண்டு. "வெளிநாட்டுப் பதிவுக்கு வேண்டும்" என்று கதை சொல்லத் தேவையில்லை.

பாண்டு விஷயத்தில் உங்கள் தோழிகள் "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முழுக்க நம்பாதீர்கள். குறைந்தபட்ச பணிக்காலத்துக்கு முன் விலகிய ஒரு வங்கி அதிகாரி 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் செல்லும் என்றது. அதே சமயம் பாண்டில் எழுதியிருக்கும் தொகை அப்படியே கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. உங்களை வலுக்கட்டாயமாக வேலை பார்க்க வைக்கவும் யாராலும் முடியாது. ஆகவே நான் கேட்கும் கேள்வி இது: அவர்கள் உங்களுக்காக என்ன செலவு செய்யப் போகிறார்கள்? என்.ஏ.பி.எச். பயிற்சிக்கோ வேறு படிப்புக்கோ அனுப்பி அதற்குப் பணம் கட்டினால், ஒரு வருட பாண்டு நியாயம். ஒன்றுமே செலவழிக்காமல் ஒரு லட்சத்துக்கு எழுதி வாங்குவது, நீங்கள் போய்விடுவீர்கள் என்ற பயத்தில். பயப்படுகிறவரிடம் பேரம் பேசலாம். தொகையைக் குறையுங்கள், மாதம் ஆக ஆகக் கழியும்படி எழுதச் சொல்லுங்கள், பிரசவத்துக்காக விலகினால் பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கோபத்தில் ராஜினாமா எழுதுவதற்கு முன் ஒரு தகவல். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்குக் கிராஜுவிட்டி உரிமை வந்துவிட்டது. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 என்றால், 15 நாள் சம்பளம் வீதம் ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய 41,500 வரும். பாண்டைக் காட்டி இதைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

படிப்பு

படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை, எப்போது என்பதுதான் கேள்வி. உங்களை அழைக்கும் நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? பெயரைச் சொன்னால், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும், அந்தப் பாடமும், நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டும் மூன்றுமே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைச் சொல்லாமல் "இன்டர்நேஷனல் அக்ரெடிடேஷன்" என்று இழுத்தால் போனை வைத்துவிடுங்கள். கட்டணத்துக்கு அவர்கள் சொல்லும் "நோ காஸ்ட் இ.எம்.ஐ." உங்கள் பெயரில் ஒரு கடன். பாதியில் படிப்பை விட்டாலும் தவணை ஓடும், சிபில் ஸ்கோரும் அடிபடும்.

தொலைதூரக் கல்வியே செல்லாது என்பதும் தப்பு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்களை நேரடிப் பட்டத்துக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று யு.ஜி.சி. 2022இலேயே சொல்லிவிட்டது. ஆனால் வேலைக்கு எடுப்பவர் "முழுநேரப் படிப்பு" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அது வேறு கதை. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் அவ்வப்போது தர மேலாளர், தர ஆலோசகர் பதவிகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கும், அந்த விளம்பரங்களைத் தேடிப் படியுங்கள். மருத்துவமனை நிர்வாகத்திலோ பொது சுகாதாரத்திலோ முதுநிலைப் பட்டமும் அனுபவமும் கேட்பார்கள். தனியாரை விடச் சம்பளம் மோசமில்லை, பணி நிரந்தரம்தான் இல்லை.

மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.எச்.ஏ. மாதிரி இரண்டு வருட முழுநேரப் படிப்புக்கு நிஜமான மதிப்பு இருக்கிறது. ஆனால் உங்கள் நிலையில் இரண்டு வருடச் சம்பளமே ஐந்து லட்சம் போகும், கட்டணமும் விடுதியும் தனி, மூன்று வயதுக் குழந்தை வேறு. 23 வயதில் கேட்டிருந்தால் போங்கள் என்றிருப்பேன். இப்போது, முதலில் டெஸ்க்கிலோ குவாலிட்டியிலோ ஒரு வருடம் உட்காருங்கள். பிடித்திருந்தால், அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட எம்.பி.ஏ.வை வேலை பார்த்தபடியே படியுங்கள். பல இடங்களில் அதற்கு 1,85,000 ஆகாது.

நர்ஸ் வேலையில் முன்னேற்றம் இல்லையா?

இதற்குத்தான் நீங்கள் எதிர்பார்க்காத பதிலைச் சொல்லப் போகிறேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நோர்செட் தேர்வு மூலம் எடுக்கும் நர்சிங் ஆபீசரின் அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900. பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி மேலே. நிர்வாகப் பக்கம் போய் நீங்கள் எட்டு வருடத்தில் தொடப் போகும் தொகை அங்கே முதல் மாதமே. வயது வரம்பு 30, ஓ.பி.சி.க்கு மூன்று வருடமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருடமும் தளர்வு. உங்களுக்கு 29. நம்மூர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அதற்கு அப்படியே செல்லாது, தாசில்தார் அலுவலகத்தில் மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். போட்டி கடுமை, வேலை எந்த மாநிலத்திலும் கிடைக்கலாம், இரவுப் பணியும் தொடரும். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். இரண்டு முறையாவது எழுதிப் பார்க்காமல் அந்தக் கதவைச் சாத்தாதீர்கள். மாநிலத்தில் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியும் இருக்கிறது, ஆனால் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்குக் காத்திருக்கிற வழி அது.

உங்கள் 20,800 பற்றியும் ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 100 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சின் சம்பளம் அந்த மாநில அரசு நர்சின் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள இடத்திலேயே குறைந்தது 20,000 என்றது. பரிந்துரைதான், இதை வைத்து நாளைக்கே வழக்குப் போட முடியாது. ஆனால் ஐ.சி.யூ.வில் ஆறு வருடம் நின்ற நீங்கள் வாங்குவது, மிகச் சிறிய மருத்துவமனைக்கு அவர்கள் போட்ட கீழ்க்கோட்டின் மேல் 800 ரூபாய்.

துபாய் பற்றிக் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இரண்டரை லட்சம் கேட்பவர் எந்தக் கணக்கில் கேட்கிறார்? மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டு ஆசை உண்மையானால், சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்சுகளை எடுத்து அனுப்புகிறது. அங்கே விலைபோவது உங்கள் நர்சிங் உரிமமும் ஐ.சி.யூ. அனுபவமும். இந்திய நிர்வாக அனுபவத்துக்கு அங்கே பெரிய தேவை இல்லை. வளைகுடா உரிமத்துக்குச் சமீபத்திய கிளினிக்கல் அனுபவம் கேட்பார்கள், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்காரும் வருடங்கள் அதில் சேராது. ஆக, எய்ம்ஸ், வெளிநாடு இரண்டில் ஏதாவது ஒன்று உங்கள் மனதில் நிஜமாக இருந்தால், டெஸ்க்குக்கு மாறுவதற்கு முன்பே முடிவெடுங்கள்.

இரண்டும் வேண்டாம், ஊரை விட்டு நகர முடியாது என்றால் டெஸ்க் வேலையை எடுக்கலாம், ஆனால் அப்படியே எடுக்காதீர்கள். நீங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், போன வருடம் ஐ.சி.யூ.வில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டை நீங்கள்தான் பராமரித்ததாக. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் என்பது என்.ஏ.பி.எச். கேட்கும் ஒரு பொறுப்பு. இரவுப் பணி பெரும்பாலும் கிடையாது, நர்ஸ் என்ற பெயரும் போகாது, குவாலிட்டி துறைக்கு அதுவே வாசல். உங்கள் மருத்துவமனை என்.ஏ.பி.எச். எடுத்திருந்தாலும் எடுக்கப் போவதாக இருந்தாலும், இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் பதிலாக இதைத் தர முடியுமா என்று நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கேளுங்கள். எதில் சேர்ந்தாலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.

ஹெச்.ஆரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: பதவியின் பெயர், யாருக்குக் கீழே, வார விடுமுறை, சம்பளப் பிரிவுகள், பாண்டு வாசகம். வாய்ப் பேச்சாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு, "மெயிலில் அனுப்பிவிடுங்க சார், வீட்டில் காட்டிட்டுச் சொல்றேன்" என்று வந்துவிடுங்கள். ஆள் அவசரம் அவர்களுக்கு, ஒரு வாரத்தில் வாய்ப்பு ஓடிவிடாது. மெயில் வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் நோர்செட் அறிவிப்பு வந்தால் எனக்காகக் காத்திருக்காமல் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.